புதிய பிளக் போட்டாயிற்று, எஞ்சின் தேறிவிட்டதா?

"எங்களுடைய பழைய மாருதி காரின் ஸ்பார்க் பிளக் மூன்றையும் மகன் வீட்டிலேயே மாற்றினான். 'இப்ப கார் பறக்குது உம்மா' என்கிறான். எனக்கோ முன்பிருந்தது போலத்தான் தெரிகிறது. கராஜில் காட்டினால் 'கொயிலையும் மாத்திப் பாப்பமே' என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?"

வாசக சகோதரி ஒருவரின் கேள்வி இது. கேட்பதற்குச் சிறிய விடயம்தான். ஆனால், இதன் பின்னால் குடும்பத்தின் காசு இருக்கிறது. 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தனியார் கார்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியது. பழையதையே பார்த்துப் பார்த்து ஓட்டும் பழக்கமும் பல வீடுகளில் ஊன்றிவிட்டது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் வகுப்புக்கும் மத்ரஸாவுக்கும் ஏற்றி இறக்கும் பொறுப்போடு காரின் பொறுப்பும் பெண்களின் தலையில் விழுந்திருக்கிறது. கராஜில் ஒன்று சொன்னால் அதற்கு மறுமொழி சொல்ல நம் கையில் ஏதாவது இருக்க வேண்டாமா? அதைப் பற்றித்தான் இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இங்கு சொல்வதெல்லாம் பெற்றோல் எஞ்சினுக்கு மட்டுமே. டீசல் வாகனத்தில் ஸ்பார்க் பிளக் கிடையாது. முழுக்க மின்சாரத்தில் ஓடும் காரிலும் கிடையாது.

பிளக் என்ன செய்கிறது?

சமையலறையில் காஸ் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். லைட்டர் பழையதானால் என்ன நடக்கும்? ஒரு தட்டில் பற்றாது. இரண்டு தட்டு, மூன்று தட்டு. அதற்குள் காஸ் வீணாக வெளியேறும். புது லைட்டர் வாங்கினால் முதல் தட்டிலேயே பற்றிக்கொள்ளும். ஆனால், புது லைட்டர் வாங்கியதற்காக அடுப்பின் சுவாலை முன்னையதைவிடப் பெரிதாக எரியுமா? எரியாது.

ஸ்பார்க் பிளக்கும் அப்படித்தான். எஞ்சினின் சிலிண்டருக்குள் பெற்றோலும் காற்றும் கலந்து அமுக்கப்படும் நேரத்தில், பிளக்கின் நுனியிலுள்ள சிறு இடைவெளியில் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் தாவித் தீப்பொறி உண்டாக்குகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 தடவை பொறி தட்டுகிறது. அந்த இடைவெளி பெரும்பாலான கார்களில் 0.8 முதல் 1.1 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஓட ஓட நுனி தேய்ந்து இடைவெளி அகலும். அகன்ற இடைவெளியைத் தாண்டக் கூடுதல் வோல்ட் தேவை. ஒரு கட்டத்தில் சில தடவை பொறி விழாமலேயே போகும். அப்போது சிலிண்டருக்குள் போன பெற்றோல் எரியாமல் சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். 'எஞ்சின் மிஸ் பண்ணுகிறது' என்று கராஜில் சொல்வது இதைத்தான்.

ஆகவே, புதிய பிளக் காருக்குப் புதுப் பலம் எதையும் கொடுப்பதில்லை. இழந்திருந்த பலம் ஏதாவது இருந்தால் அதைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். இழப்பு இருந்திருந்தால் மாற்றம் தெரியும். இல்லாதிருந்தால் தெரியாது. அப்படித் தெரியாமல் இருப்பது பிழையும் அல்ல.

நம் காதை நம்பலாமா?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. காசு கொடுத்து வாங்கி, கையில் கறுப்புப் படிய மாற்றியவருக்கு, கார் பறப்பது போலத்தான் இருக்கும். மகன் பொய் சொல்லவில்லை. அவனுடைய ஆசை பேசுகிறது. செலவை நினைத்துக் கவலைப்படும் உம்மாவுக்கு ஒன்றும் மாறாதது போலத் தெரியும். அங்கே அவருடைய கவலை பேசுகிறது. இருவருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஒரு பழைய கொப்பி.

பிளக்கைக் கழற்றுவதற்கு முந்திய வாரத்திலேயே கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். 'முன்' என்று ஒரு பக்கம், 'பின்' என்று ஒரு பக்கம். முன்பக்கம் வெறுமையாக இருந்தால் பின்பக்கத்தில் எழுதுவதற்குப் பொருளே இல்லை. எழுத வேண்டியவை ஐந்து:

1. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எத்தனை தடவை சாவி திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது? எத்தனை விநாடி எடுக்கிறது? மழை பெய்த காலையையும் பெய்யாத காலையையும் தனித்தனியே குறியுங்கள். ஈரக் காலையில் மட்டும் அடம்பிடிக்கும் காரில் பெரும்பாலும் வயரில்தான் பழுது இருக்கும்.

2. எஞ்சின் சூடேறிய பின், காரை நிறுத்திவைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஏ.சி.யை நிறுத்திப் பாருங்கள். சுற்றுக் காட்டும் முள் இருந்தால் அது எங்கே நிற்கிறது? பெரும்பாலான கார்களில் 700 முதல் 900 வரை நிற்கும். அது அசையாமல் நிற்கிறதா, ஏறி இறங்குகிறதா என்பதுதான் முக்கியம்.

3. அதே நிலையில், அரைவாசி தண்ணீர் நிரப்பிய கிளாஸ் ஒன்றை டாஷ்போர்டில் சமமான இடத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீரின் மேல் சீரான சிற்றலையா, இடைக்கிடை திடீர்க் குலுக்கலா?

4. வழமையாகப் போகும் ஏற்றம் ஒன்றில் கார் எப்படி ஏறுகிறது?

5. ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர்?

நான்காவதையும் ஐந்தாவதையும் எப்படிப் பார்ப்பது என்று பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதில் ஒரு எச்சரிக்கை. மாருதி 800, ஆல்டோ, ஜப்பான் வெகன் ஆர் ஆகியவை மூன்று சிலிண்டர் எஞ்சின்கள். அவை நிற்கும்போது இயல்பாகவே சற்று நடுங்கும். கொரோலா, எக்ஸியோ போன்றவை நான்கு சிலிண்டர். பக்கத்து வீட்டு எக்ஸியோவின் தண்ணீர்க் கிளாஸோடு உங்கள் ஆல்டோவின் கிளாஸை ஒப்பிட வேண்டாம். உங்கள் காரை உங்கள் காரோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

எப்படி மாற்றுவது என்பதை விரிவாக எழுத இடம் போதாது. ஆயினும், பின்னால் தலைவலி தராமலிருக்கச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்துவிடலாம். பிளக் மலிவு, மரையைச் சரிசெய்வது மலிவல்ல. பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் சைக்கிள் பம்பால் ஊதிவிட்டுக் கழற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிளக்தான். கழற்றிய இடத்தில் புதியதைப் போட்ட பின்னரே அடுத்தது. வயர்கள் இடம் மாறாமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

புதிய பிளக்கை முதலில் கையால்தான் திருக வேண்டும். கை போகும் வரை போன பின், வழமையான 14 மில்லிமீற்றர் பிளக்காக இருந்தால் ஸ்பானரால் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை இறுக்கினால் போதும். பெட்டியிலேயே படம் போட்டிருப்பார்கள். சிறிய பிளக்குகளுக்கு அளவு வேறு என்பதால் அதைப் பார்த்தே செய்யுங்கள். பலமுள்ள பிள்ளைகள் 'இன்னும் கொஞ்சம்' என்று இறுக்குவார்கள். அந்த 'இன்னும் கொஞ்சத்தில்'தான் மரை போகிறது. நிலத்தில் விழுந்த பிளக்கைப் போட வேண்டாம். வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம்.

காரின் கைந்நூலில் சொல்லியிருக்கும் இலக்கத்தையே வாங்குங்கள். பிளக்கில் 'சூடு', 'குளிர்' என்ற வகைகள் உண்டு. என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் இலக்கம் கூடக் கூடக் 'குளிர்' வகை. பொஷ் பிளக்கில் அதற்கு நேர்மாறு. ஆதலால் இலக்கத்தைப் பார்த்து நாமே ஊகித்து வாங்கக் கூடாது. பெயர் பெற்ற பிளக்குகளுக்குப் போலிகள் இருக்கின்றன என்பதையும் மறவாதீர்கள். விலை நம்ப முடியாத அளவு குறைவு, எழுத்து மங்கல், நடு நுனி கோணல், வளையம் தானாகக் கழன்று விழுதல் ஆகியவை சந்தேகத்துக்குரிய அடையாளங்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு: எஞ்சின் நின்றிருப்பது போலத் தெரிந்தாலும் தானாக ஸ்டார்ட் ஆகக்கூடும். செம்மஞ்சள் நிற வயர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் இருக்கலாம். இவ்வகைக் கார்களைப் பழகிய கராஜில் விடுவதே நல்லது. மாற்றிய பின் கணக்குப் பார்ப்பதை மட்டும் நாம் செய்வோம்.

கழற்றிய பிளக்கை எறிய வேண்டாம்

நோயாளியின் நாக்கைப் பார்த்து வைத்தியர் சொல்வது போல, பழைய பிளக்கின் நுனியைப் பார்த்து எஞ்சினின் உள்நிலையைச் சொல்லலாம். கழற்றிய வரிசையிலேயே முட்டைப் பெட்டி ஒன்றில் 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

நுனி இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எஞ்சின் நலம். தேய்மானம் மட்டுமே.

விறகடுப்புச் சட்டியின் அடி போலக் காய்ந்த கரி படிந்திருந்தால், பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது, அல்லது காற்றுக் குறைவாகப் போகிறது. எயார் பில்டரைப் பாருங்கள். கடைக்கும் பாடசாலைக்குமாக இரண்டு கிலோமீற்றர் மட்டுமே ஓடும் காரிலும் இக்கரி படியும். எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுவதால் பிளக் தன்னைத் தானே எரித்துத் துப்புரவாக்க முடிவதில்லை.

கறுப்பாகவும் ஓயில் பிசுபிசுப்பாகவும் இருந்தால் எஞ்சின் ஓயில் உள்ளே கசிகிறது. புதிய பிளக் சில வாரம் நன்றாக ஓடும். பிறகு அதுவும் கறுக்கும். அது பிளக்கின் குற்றமன்று.

வெண்மையாக வெந்து, சிறு கொப்புளங்களோடு இருந்தால் அளவுக்கு மீறிய சூடு. பிளக் வகை பிழையாக இருக்கலாம். றேடியேட்டரில் கோளாறு இருக்கலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாப் பிளக்கும் ஒரே நிறமாக இருந்து ஒன்று மட்டும் வேறாக இருந்தால், அந்தச் சிலிண்டரில்தான் கதை இருக்கிறது. எண்ணைக் குறித்து வையுங்கள். கராஜுக்குப் போகும்போது முட்டைப் பெட்டியையும் கொண்டுபோங்கள். 'இரண்டாவது மட்டும் இப்படி இருக்கிறது' என்று நீங்கள் காட்டும்போது பேச்சின் போக்கே மாறும்.

பீங்கானின் வெளிப்புறத்தில், இரும்புக்கு அருகே, பழுப்பு வளையம் இருந்தால் பயப்பட வேண்டாம். மின்சாரத்தால் இழுக்கப்பட்ட தூசு அது. 'காஸ் கசிகிறது' என்று அதைக் காட்டி யாரும் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

முதல் பத்து நிமிடம்

பொனட்டைத் திறந்து வைத்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆனால் மூடிய கராஜுக்குள் வேண்டாம். காரின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வெளியே எடுத்துவிட்டே பாருங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

முதல் நாள் சோதனையில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா? முன்பைவிட மோசமாக நடுங்கினாலோ, வெட்டி வெட்டி ஓடினாலோ, மாற்றியதில்தான் பிழை. வயர் முழுதாக அமராமலிருக்கலாம்; இரு வயர்கள் இடம் மாறியிருக்கலாம்; கொயிலின் இணைப்பு 'டிக்' என்று பூட்டாமலிருக்கலாம்; பிளக் வெடித்திருக்கலாம். உடனே நிறுத்தி, ஆறவைத்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிட வேலைதான்.

டாஷ்போர்டில் எஞ்சின் வடிவ விளக்கு மின்னி மின்னி எரிந்தால் ஓட்டவே வேண்டாம். எரியாத பெற்றோல் சைலன்சர் குழாயிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அதன் விலைக்குப் பல சோடிப் பிளக் வாங்கலாம்.

பற்றரியைக் கழற்றிப் பூட்டியிருந்தால் சில கார்கள் முதல் நாளில் ஒரு மாதிரியாக நிற்கும். கம்பியூட்டர் தன் பழைய கணக்கை மறந்து புதிதாகப் பழகுகிறது. ஓரிரு நாள் ஓடவிட்டுப் பிறகு கொப்பியைத் திறவுங்கள்.

பாதைச் சோதனை

பாதையில் ஒப்பிடும்போது எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்: அதே பாதை, அதே நேரம், அதே ஆட்கள், ஏ.சி. அதே நிலை, டயர்க் காற்று அதே அளவு, அதே ஒக்டேன் பெற்றோல். பிளக் மாற்றிய அன்றே 92 இலிருந்து 95க்கு மாறினால், எயார் பில்டரையும் ஓயிலையும் சேர்த்து மாற்றினால், எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாவனல்லைப் பக்கத்துச் சகோதரிகளுக்குக் கடுகண்ணாவை ஏற்றம் இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு வளைவிலிருந்து முன்பு எந்தக் கியரில், எந்த வேகத்தில் ஏறியது என்று எழுதியிருந்தால், பின்பும் அதையே பாருங்கள். காத்தான்குடி, அக்கரைப்பற்று, புத்தளம் போன்ற சமதரையில் இருப்பவர்கள் வேறு வழியில் பார்க்கலாம். வாகன நெரிசல் இல்லாத நேரான பாதையில், மூன்றாம் கியரில், 30 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 50 வரை ஏற எத்தனை விநாடி எடுக்கிறது? ஓட்டுபவர் பாதையை மட்டும் பார்க்க, பக்கத்தில் இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணட்டும். போகும்போது இரண்டு, திரும்பும்போது இரண்டு என நான்கு தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். ஓட்டோ கியர் காரில் கியர் தானாக மாறிக் கணக்கைக் குழப்பும். அவர்களுக்கு ஏற்றமே நல்ல சோதனை.

விடுமுறைக்கு நுவரெலியா போய், 'பிளக் மாற்றியும் கார் இழுக்கவில்லை' என்று சொல்வதிலும் நியாயமில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் காற்று மெல்லியது. அங்கே எந்தக் காருக்கும் மூச்சுக் குறையும்.

பெற்றோல் கணக்கு

2022 இல் கியூ.ஆர். முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில் லீற்றரை எண்ணாத வீடு இல்லை. 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்பட்டதோடு பலர் எண்ணுவதையும் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பழக்கம் நல்ல பழக்கம்; திரும்ப எடுங்கள்.

ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். மேலும் திணிக்க வேண்டாம். கிலோமீற்றர் மானியின் எண்ணைக் குறியுங்கள். 300 கிலோமீற்றர் அளவு ஓடிய பின் அதே இடத்தில் அதே மாதிரி நிரப்பி, எத்தனை லீற்றர் போனது என்று பாருங்கள். உதாரணமாக, முன்பு 312 கிலோமீற்றருக்கு 24 லீற்றர் போயிருந்தால் லீற்றருக்கு 13. பின்பு 318 கிலோமீற்றருக்கு 23 லீற்றர் போனால் சுமார் 13.8.

இதைக் கண்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம். நிரப்பும்போது அரை லீற்றர் கூடிக் குறைவது சாதாரணம். 24 லீற்றரில் அரை லீற்றர் என்றால் நூற்றுக்கு 2 அளவில் பிழை. மழை, நெரிசல், பெருநாள் காலத்து ஓட்டம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். ஆகவே முன்பு இரண்டு தடவை, பின்பு மூன்று தடவை நிரப்பிய கணக்கு இருந்தால்தான் பேசலாம். மூன்றிலும் 13.5க்கு மேல் நின்றால் பிளக் தன் வேலையைச் செய்திருக்கிறது.

இலாபம் எவ்வளவு? மாதம் 600 கிலோமீற்றர் ஓடும் கார் 13 இலிருந்து 13.8க்கு ஏறினால் மாதத்துக்குச் சுமார் 2.7 லீற்றர் மிச்சம். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 800 ரூபா. பிளக்கின் விலையை அதனால் பிரித்துப் பாருங்கள். எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்று தெரியும்.

காருக்குள்ளேயே இருக்கும் ஒரு சாட்சி

நம் நாட்டில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. வருடாந்த வருமான அனுமதிப் பத்திரம் எடுக்கும் முன் செய்துகொள்ளும் அந்தப் பரிசோதனையின் தாளை 'பாஸ்' என்று கண்டதும் மடித்துப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். அதை எடுத்து விரித்துப் பாருங்கள்.

பெற்றோல் காருக்கு இரண்டு முக்கிய எண்கள் இருக்கும். ஒன்று ஐதரோகாபன். எரியாமல் வெளியேறிய பெற்றோலின் அளவு அது. பொறி விழாத சிலிண்டர் இருந்தால் இவ்வெண் ஏறும். மற்றது காபனோரொட்சைட்டு. காற்றுப் போதாமல் பெற்றோல் அரைகுறையாக எரிந்தால் இது ஏறும். ஐதரோகாபன் மட்டும் சென்ற ஆண்டைவிட நன்றாக ஏறியிருந்தால் பிளக், வயர், கொயில் பக்கம் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் எயார் பில்டர், பெற்றோல் கலவை பக்கம் பாருங்கள்.

பரிசோதனைக்குச் சில வாரம் முன் பிளக் மாற்றினால், இரண்டு ஆண்டுத் தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஆசையும் கவலையும் இல்லாத ஓர் இயந்திரம் எழுதிக் கொடுத்த சாட்சி அது. மேலதிகமாக ஒரு சதம் செலவில்லை.

முடிவு என்ன சொல்கிறது?

மாற்றம் தெரிந்தால் நல்லது. திகதியையும் கிலோமீற்றரையும் எழுதுங்கள். சாதாரண நிக்கல் பிளக் சுமார் 20,000 கிலோமீற்றர் வரையும், இரிடியம் பிளக் காரைப் பொறுத்து 100,000 வரையும் ஓடும். அதற்கு முன் 'மாற்ற வேண்டும்' என்று யாரும் சொன்னால் ஏனென்று கேளுங்கள்.

மாற்றம் ஒன்றும் தெரியாவிட்டால், எங்களுக்கு எழுதிய சகோதரிக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: மகன் சொன்னதும் உங்களுக்குத் தோன்றியதும் இரண்டுமே போதாது. கழற்றிய பிளக்குகள் கைவசம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மூன்றும் இளம் பழுப்பு நிறம், கார் காலையில் ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிறது, நிற்கும்போது சீராக நிற்கிறது என்றால், உங்கள் காருக்கு ஒரு நோயும் இருக்கவில்லை. பழையவை காலாவதியாகும் முன் மாற்றிக்கொண்டீர்கள். அவ்வளவுதான். நோயில்லாத காருக்குக் கொயில் என்ற மருந்து எதற்கு?

முன்பு இருந்த கோளாறு மாற்றிய பின்னும் அப்படியே இருந்தால், கோளாறு பிளக்கில் இல்லை. அதுவும் பயனுள்ள செய்திதான். ஒரு பக்கக் கதவு மூடப்பட்டுவிட்டது. இனிக் கொயிலைச் சந்தேகிக்கலாம். ஆனால் சந்தேகத்துக்காக எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. சற்றுப் புதிய கார்களில் கராஜின் ஸ்கேனர், எந்தச் சிலிண்டர் என்று எண்ணாலேயே சொல்லும். 'பி 0302' என்றால் இரண்டாவது சிலிண்டரில் பொறி தவறுகிறது. 'பி 0303' என்றால் மூன்றாவது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் கொயில் உள்ள காரில், இரண்டாவது கொயிலை மூன்றாவது இடத்தில் மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். எண் 0303 என்று மாறினால் கொயில்தான் குற்றவாளி. ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். 0302 என்றே நின்றால் கொயில் நிரபராதி. பெற்றோல் இன்ஜெக்டரையும் சிலிண்டரின் அமுக்கத்தையும் பார்க்க வேண்டும். நல்ல பாஸ்மார் இதைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்கள். விடயம் தெரிந்த ஆளிடம் வேலை செய்வது அவர்களுக்கும் இலகு.

பழைய வகைக் காரில் எல்லாவற்றுக்கும் ஒரே கொயில்தான். அங்கே ஒரு சிலிண்டர் மட்டும் தவறினால் கொயிலைவிட அந்தச் சிலிண்டருக்குப் போகும் வயரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். இரவில், இருட்டில், பொனட்டைத் திறந்து, கை படாமல் தள்ளி நின்று பார்த்தால், பழுதான வயரில் நீல நிறத்தில் பொறி கசிவது சில வேளை கண்ணுக்கே தெரியும்.

சகோதரிகளே, வீட்டில் பால் கணக்கும் கடைக் கணக்கும் எழுதுவது நமக்குப் புதிதல்ல. காருக்கும் ஒரு கொப்பி வையுங்கள். பேனையை அதனோடு நூலால் கட்டிக் காரின் முன் பெட்டியில் போட்டுவிடுங்கள். அடுத்த முறை பெற்றோல் நிரப்பும்போதே முதல் வரியை எழுதிவிடலாம்.